அரை மணிக்கு முடிந்த பேரம்

"ஒரு மணி நேரம்," என்றார் குழந்தைகள் டாக்டர்.

"முடிவா சொல்லுங்க டாக்டரம்மா," என்றார் பாதிவிலையார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பதினெட்டு வருஷ வைத்தியத்தில் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறார். மருந்து கசக்குமா என்று முதலில் தானே நக்கிப் பார்த்த அப்பாவையும் பார்த்திருக்கிறார். ஆலோசனையில் பேரம் பேசுகிற அப்பாவை இப்போதுதான் பார்க்கிறார்.

பாதிவிலையாரைச் சொல்லியும் குற்றமில்லை. மனிதர் பழைய மரச்சாமான் கடை வைத்திருப்பவர். தோளில் மேஜை சுமந்து, நாலு பேரிடம் ஏமாந்து, ஐந்தாவது ஆளிடம் ஏமாறாமல் தப்பித்து, சொந்தமாகக் கடை போட்டவர். எவன் எதைச் சொன்னாலும் அதில் பாதி காற்று என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. பீரோவோ பெஞ்சோ, வாயைத் திறந்தால் பாதியிலிருந்துதான் ஆரம்பிப்பார். கடைத்தெரு கேலியாக வைத்த பெயர் 'பாதிவிலையார்'. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு பலகையிலேயே எழுதி மாட்டிவிட்டார்.

வந்த விஷயம் இதுதான். எட்டு வயது மகளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீடு மூன்றாவது மாடி. இரண்டு இடத்தில் நின்று, கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீங்க போங்க, நான் அப்புறம் வரேன்" என்கிறாள். பெற்ற வயிறு பதறாதா? மனைவி இருவரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

டாக்டரம்மா தட்டிப் பார்த்தார். கேட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"இதயம் நல்லா இருக்கு. நுரையீரல் நல்லா இருக்கு. உட்கார்ந்தே இருக்கா, அவ்வளவுதான். தினமும் ஒரு மணி நேரம் ஓடணும், குதிக்கணும், எதிலயாவது ஏறணும். நல்லா வேர்க்கணும். கூட நீங்களும் போகணும்."

"நானா? மூச்சு வாங்குறது அவளுக்குத்தானே?"

"குழந்தைங்க நாம சொல்றதைச் செய்யாது சார், நாம செய்யறதைத்தான் செய்யும். சாயந்தரம் வீட்ல நீங்க என்ன செய்வீங்க?"

பாதிவிலையார் பதில் தேடுவதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "ஆறுலேருந்து ஏழு வரைக்கும் அப்பா சோபால படுத்திருப்பாங்க. இந்தப் பக்கம் நான் படுத்திருப்பேன். அப்பா கால் என் மூஞ்சிகிட்ட இருக்கும்."

டாக்டரம்மா ரத்த அழுத்தப் பட்டையை எடுத்து அப்பாவின் கையில் சுற்றினார்.

"காட்ட வந்தது பொண்ணை," என்று நினைவுபடுத்தினார் அவர்.

"தெரியும். உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கு. ஒரு மணி நேரம் உங்களுக்கும் சேர்த்துத்தான்."

பாதிவிலையார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். ரத்த அழுத்தத்தால் அல்ல. ஆறிலிருந்து ஏழு! நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு வருகிற மனிதனுக்கு உலகம் கொடுக்கிற ஒரே ஒரு மணி நேரம். அந்த சோபாவை வாங்க எத்தனையோ பேர் வந்து பார்த்தார்கள். கொடுக்காமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது எதற்காக? ஓடவா, குதிக்கவா?

"இருபது நிமிஷம் வெச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை லீவு."

"சார், இது உடம்பு. உங்க கடைக் கட்டில் இல்ல."

"கட்டிலும் உடம்புக்குத்தான் டாக்டரம்மா. சரி, உங்க பேச்சும் வேண்டாம், என் பேச்சும் வேண்டாம். அரை மணி. இதுக்கு மேல ஒரு நிமிஷம் கேட்காதீங்க, எனக்குக் கட்டுபடியாகாது."

"சரி," என்றார் டாக்டரம்மா. "அரை மணி. ரெண்டு வாரம் கழிச்சு வந்து காட்டுங்க."

பாதிவிலையார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். வாசல் படியில் இறங்கினார். ஒரு படி. இரண்டாவது படி. மூன்றாவது படியில் நின்றுவிட்டார்.

"ஏன் ஒத்துக்கிட்டாங்க?"

"யாருங்க?" என்றாள் மனைவி.

"டாக்டரம்மாதான்! ஒரு பேச்சு உண்டா, மறுபேச்சு உண்டா? முகம் சுளிக்கல. எழுந்து போற மாதிரி பாவனைகூடப் பண்ணல. அரை மணின்னேன், சரின்னுட்டாங்களே!"

"நல்லதுதானே? உங்களுக்கு அரை மணி மிச்சம்."

"மிச்சமா? உனக்கு வியாபாரம் தெரியாது, சும்மா இரு. கேட்ட உடனே ஒருத்தன் குடுக்கிறான்னா என்ன அர்த்தம்? அடக்கவிலை அதுக்கும் கீழே கிடக்குன்னு அர்த்தம்! பத்து நிமிஷமே போதும் போலிருக்கு. நான்தான் அவசரப்பட்டு அரை மணிக்கு முடிச்சுத் தொலைச்சுட்டேன்."

"இருக்கும் இருக்கும். எனக்கென்னங்க தெரியும், நான் புஸ்தகம் அடுக்குறவ," என்றாள் மனைவி. அவளுக்கு நூலகத்தில் வேலை. எந்தப் புத்தகத்தை எந்த அலமாரியில் வைத்தால் யார் கை தானாக நீளும் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மாலை ஆறு மணிக்குப் பாதிவிலையார் சோபாவில் சாய்ந்தார். சோபா குத்தியது. புரண்டார். மறுபக்கமும் குத்தியது. குத்தியது சோபா அல்ல, அந்த 'சரி'தான். உண்மையான அளவு என்ன? பத்தா? எட்டா? ஏமாந்தது எத்தனை நிமிஷம் என்று தெரியாமல் ஒரு வியாபாரி எப்படிக் கண்ணை மூடுவான்?

"விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால ஒரு ரிட்டயர்டு டிரில் மாஸ்டர் இருக்காராம்," என்று காய் நறுக்கிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள் மனைவி. "ஆயிரம் பிள்ளைங்களைப் பழக்கினவராம். அவர் கணக்கே வேறயாம்."

பாதிவிலையார் எழுந்து உட்கார்ந்தார். "வேறன்னா? குறைச்சலா?"

"அதை நான் கேட்கலைங்க. ரொம்ப தூரம். விடுங்க."

"எதுக்கு விடணும்? எங்க என் செருப்பு?"

"வண்டியில போயிட்டு வந்துடுங்களேன்."

"உனக்கு எத்தனை தடவை சொல்றது? விலை விசாரிக்கப் போறவன் வண்டியில போய் இறங்குவானா? வண்டியைப் பார்த்தாலே அவன் ரெண்டு மடங்கு ஏத்திடுவான்!"

"ஆமால்ல. மறந்தே போச்சு. குழந்தையாவது வீட்ல இருக்கட்டும், பாவம்."

"சரக்கைக் காட்டாம என்னன்னு விலை கேட்கிறது? கதவுக்குக் கீல் வாங்கப் போனா பழைய கீலைக் கையில எடுத்துட்டுப் போகணும். ஏம்மா, கிளம்பு!"

மகள் கிளம்பினாள். மைதானம் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். டிரில் மாஸ்டருக்கு எழுபது வயது. நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார்.

"பத்து நிமிஷம் போதும்னு சொல்றாங்களே மாஸ்டர்?" என்று தூண்டிலைப் போட்டார் பாதிவிலையார்.

"எவன் சொன்னான்? பத்து நிமிஷத்துல செருப்பு வார் மாட்டலாம். இந்த மைதானத்தை ரெண்டு சுத்து சுத்திட்டு வாங்க, அப்புறம் பதில் சொல்றேன்."

"நான் விலைதான் கேட்க வந்தேன் மாஸ்டர்."

"சாமானைப் பார்க்காம நான் விலை சொல்றதில்ல."

இது நியாயமான பேச்சு. பாதிவிலையாரால் மறுக்க முடியவில்லை. இரண்டு சுற்று சுற்றினார்கள். முதல் சுற்றில் மகள் பின்னால். இரண்டாவதில் அப்பா பின்னால். முடிவில் மாஸ்டர் சொன்னார்: "ஒன்றரை மணி."

வீட்டுக்கு வந்து கொதித்தார். "ஒன்றரையாம்! கொள்ளை!"

"அடப்பாவமே," என்றாள் மனைவி. "அப்ப இனிமே விசாரிக்க வேண்டாம். டாக்டரம்மா சொன்னதையே வெச்சுக்கலாம்."

"ரெண்டு கடையோட எவனாவது விசாரணையை நிறுத்துவானா? ஒருத்தி அரைங்கிறா, ஒருத்தன் ஒன்றரைங்கிறான். நடுவுல மூணு மடங்கு வித்தியாசம் நிக்குது. எங்கேயோ என்னமோ இருக்கு!"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் நீச்சல் சொல்லிக் குடுக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. ஆனா..."

"ஆனாவாவது ஆவன்னாவாவது! எந்தப் பாலம்?"

இப்படிக் கிளம்பியதுதான். நீச்சல் அம்மா, "தண்ணியில இறக்கிப் பார்க்காம எப்படிங்க சொல்றது?" என்றார். நாலு நாள் இறக்கிப் பார்த்தார். உடற்பயிற்சிக் கூடத்து இளைஞன் எடை தூக்கச் சொன்னான். பீரோ சுமந்த தோள் என்று காட்ட வேண்டாமா? காட்டினார். மறுநாள் கடையில் நாற்காலியைத் தூக்க முடியவில்லை. முதுகுவலிக்குப் பயிற்சி கொடுக்கிற நிபுணர் வீடு ஒரு குன்றின் மேல் இருந்தது. அவர், "தினமும் இங்க ஏறி வந்தாலே போதுமே" என்றார். எவ்வளவு நேரம் என்று யாரும் ஒரே பேச்சாகச் சொல்லவில்லை. சொல்லச் சொல்லப் பாதிவிலையாருக்கு ஆவல் கூடியது. கடையில் வாடிக்கையாளர்களிடம்கூட, "உங்க பிள்ளை எத்தனை நிமிஷம் ஓடுறான்?" என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரி விலையைச் சொன்னார்.

வழியெல்லாம் மகளின் கேள்விகள் வேறு.

"அப்பா, அதோ ஓடுதே நாய்க்குட்டி, எவ்வளவு நேரம் ஓடணும்னு அதுக்கு யாரு சொல்லுவா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க."

"அப்புறம் அது எப்படிக் கரெக்டா ஓடுது?"

பாதிவிலையார் யோசித்தார். அரை தெரு நீளம் யோசித்தார். நாய்க்குட்டியையும் விசாரித்துவிட வேண்டியதுதான் என்று அதன் பின்னாலேயே மகள் ஓட, அவளைப் பிடிக்க இவர் ஓட, அன்றைக்குக் குன்றுக்குப் போகும் நேரமே தவறிவிட்டது.

அன்று மாடிப்படி ஏறும்போது ஒன்று நடந்தது. முதல் மாடி வளைவில் நின்று, வழக்கம்போல மகளுக்காகத் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. மேலே மூன்றாவது மாடிக் கைப்பிடியிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. "அப்பா, நான் வந்து பத்து எண்ணியாச்சு!"

"நீ போம்மா, நான் அப்புறம் வரேன்," என்றார் பாதிவிலையார், கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

இரண்டு வாரம் முடிந்தது. மூவரும் கடையின் குட்டி வேனில் டாக்டரம்மாவிடம் போனார்கள். விசாரிக்கப் போகவில்லை அல்லவா, அதனால் வண்டி.

டாக்டரம்மா மகளை ஐம்பது முறை குதிக்கச் சொன்னார். அவள் அறுபது குதித்தாள். அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றினார். புருவத்தைத் தூக்கினார்.

"நல்லாக் குறைஞ்சிருக்கு."

"பாதியாவா?"

"பாதியாக் குறைஞ்சா படுக்கையில இருப்பீங்க. இது போதும். பேசின அரை மணியைத் தவறாம செஞ்சிருக்கீங்க போல."

பாதிவிலையார் தலையைச் சொறிந்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "எங்க டாக்டரம்மா நேரம்? எவ்வளவு நேரம் செய்யணும்னு விசாரிக்கிறதுலயே சாயந்தரம் போயிடுது. இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

டாக்டரம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மகள் விரல்விட்டு எண்ணினாள். "குன்று போக வர ஒன்றரை மணி. நீச்சல், நடையோட சேர்த்து ரெண்டு மணி. மாஸ்டர்கிட்ட..."

பாதிவிலையார் மெல்ல மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த பல் விளக்கும் படத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய். டாக்டரம்மா ஏன் அன்னிக்கு உடனே சரின்னாங்க?"

"நான்தான் முந்தின நாளே போன்ல சொல்லி வெச்சேன்," என்றாள் அவள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வீட்டுக்காரர் நீங்க என்ன சொன்னாலும் பேரம் பேசுவார், எதிர்த்துப் பேசினா ஜெயிச்சுட்டு நிம்மதியாப் படுத்துக்குவார். கேட்டதைக் குடுத்துடுங்க, அப்புறம் அவரால படுக்கவே முடியாதுன்னு."

"அந்த மாஸ்டர் கணக்கு வேறன்னது?"

"வேறதானே சொன்னார்?"

பாதிவிலையாருக்குக் காது சிவந்தது. எத்தனை தில்லாலங்கடிகளைக் கண்டவர்! வீட்டுக்குள்ளே ஒருத்தி சோறு போட்டுக்கொண்டே இப்படி விற்றுவிட்டாளே! மேஜையைத் தட்டினார்.

"இதோ பாருங்க டாக்டரம்மா! பேசினது அரை மணி. ரெண்டு மணியும் கிடையாது, ஒன்றரையும் கிடையாது! எனக்குப் பேசின அரை மணி வேணும்! அதுக்குக் குறைஞ்சு ஒத்துக்க மாட்டேன்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் எதைக் கேட்டுச் சண்டை போடுகிறோம் என்பது அவருக்கே காதில் விழுந்தது.

"ஒரு மணி, அப்பா," என்றாள் மகள். இடுப்பில் கை வைத்திருந்தாள். கடையில் பாதிவிலையார் நிற்கிற அதே நிற்பு.

"அரை மணி."

"அப்ப நான் வேற அப்பாவை விசாரிச்சுக்கறேன்," என்று எழுந்து கதவு வரை போனாள்.

"ஏய், நில்லும்மா! சரி, முக்கால்!"

"முக்கால். ஞாயித்துக்கிழமையும் உண்டு. இப்பவே ஆரம்பம்," என்றவள் படியிறங்கித் தெருவில் ஓடிவிட்டாள்.

பாதிவிலையார் பின்னாலேயே ஓட எழுந்தார். மனைவி குறுக்கே கையை நீட்டினாள்.

"வேன் சாவியைக் குடுத்துட்டுப் போங்க. நீங்க ரெண்டு பேரும் மெதுவாவே நடந்து வாங்க, அவசரமில்ல. மணி ஆறாகப் போகுது, அந்த சோபாவில யாராவது படுக்கணுமில்ல?"