ஈரப்பதப் பெட்டிக்கு ஈதர்நெட்

பத்தே நிமிடத்தில் பேட்டரி செத்துவிட்டது.

சாய்குமார் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். நூற்பாலைக்குள் ஈரப்பதத்தை அளக்கும் பெட்டி, அவனே செய்தது. உள்ளே இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் இரண்டு பென்சில் பேட்டரியில் ஒரு வருடம் ஓடும் என்று போன மாதம் மில் முதலாளி பாலுசாமியிடம் பீற்றிக்கொண்டிருந்தான். அவரும் சும்மா விடவில்லை.

"அப்படியே என்னோட ரூம் கம்ப்யூட்டர்ல தெரியற மாதிரி செஞ்சுபோடுங்க தம்பி."

அதற்காகச் சேர்த்த ஈதர்நெட் கார்டு, ஒரு வருடச் சாப்பாட்டை டீ குடிக்கிற நேரத்தில் தின்று தீர்த்திருந்தது.

பதினோரு மணிக்கு முதலாளி மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் திரையில் எண் வராவிட்டால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் சாய்குமார் தாராபுரத்தில் மாமாவின் உரக்கடையில் உட்கார வேண்டும். மாமா ஏற்கெனவே ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டார்.

இண்டர்காமில் முதலாளி அறையைக் கூப்பிட்டான். டைப்பிஸ்ட் அம்புஜம் எடுத்தாள்.

"அக்கா, திரையில ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"ஒண்ணும் வரலீங்க சார். காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்காம நிக்கறீங்க. டீ அனுப்பட்டுங்களா?"

பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரை மாட்டினான். பெட்டி உயிர்பெற்றது. கூடவே தோசைக்கல்லாகச் சுட்டது. நூற்பு ஹால் முழுக்க ஈரக்காற்று வீச, சுவரில் மாட்டிய பழைய ஈரப்பத மீட்டர் அறுபதைத் தாண்டி நிற்க, சூடு தாங்காத பெட்டி மட்டும் ஈரப்பதம் முப்பத்தொரு சதவீதம் என்று பாலைவனக் கணக்குச் சொன்னது.

"ஏனுங்க சார், ஒரு ஃபேன் வெச்சுப்போடலாங்களா?" என்றார் சூப்பர்வைசர் ஆறுச்சாமி.

வைத்தார்கள். அது ஹாலில் பறந்த பஞ்சை எல்லாம் உள்ளே இழுத்தது. ஐந்தே நிமிடத்தில் பெட்டி தலையணை ஆகிவிட்டது.

"ஈரத்துணி சுத்துனா பஞ்சு உள்ள போகாதுங்க," என்றார் ஆறுச்சாமி.

மறுக்கச் சாய்குமாருக்கு நேரமில்லை, அந்த நேரத்தில் புத்தியும் இல்லை. சுற்றினார்கள். துணிக்குள் 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது.

மணி பத்தே முக்கால். சாய்குமாருக்கு அழுகை முட்டியது. இப்போதே மூக்கில் யூரியா வாசம் அடிப்பது போலிருந்தது. ஆறுச்சாமி அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருங்க சார், டீக்குச் சொல்லிப்போட்டு வாரேன்."

சற்று நேரத்தில் இண்டர்காம் அடித்தது.

"வந்துருச்சுங்க சார். அறுபத்து மூணு," என்றாள் அம்புஜம்.

சாய்குமார் ஓடினான். கறுப்புத் திரையில் வெள்ளை வெளேரென்று 63. முதலாளி பட்டு வேட்டியோடு அதன் முன் நின்றுகொண்டிருந்தார்.

"ஹால்ல செவுத்து மீட்டர் என்ன காட்டுதுன்னு ஆறுச்சாமிகிட்டக் கேட்டேன் தம்பி. அதுவும் அறுபத்து மூணாமா. புள்ளி பிசகல. எல்லா ஹாலுக்குமா இருபது பெட்டி செஞ்சுபோடுங்க."

கார் கிளம்பிப் போனது. சாய்குமார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். இத்தனை சந்தோஷத்தை அவன் பி.இ. பாஸான அன்றுகூட அனுபவித்ததில்லை. அம்புஜம் டீயை அவன் முன் வைத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினாள்.

"சார், ஒரு பெட்டின்னா ஆறுச்சாமியண்ணன் மீட்டரைப் பாத்துப் போன்ல சொல்ல, நானே இப்பத் தட்டுன மாதிரி திரையில தட்டிப்போடுவேனுங்க. இருபதுன்னா, கூட ரெண்டு டைப்பிஸ்டு வேணும்னு முதலாளிகிட்ட நீங்கதான் சொல்லோணும்."