அன்னம் துறந்த மகாராஜன்

'டூயல் மீட்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று யோசித்ததிலேயே கோமதிசங்கரின் காப்பி ஆறிப்போனது.

முதலில் 'இரட்டைச் சந்திப்பு' என்று எழுதினார். பெண் பார்க்கப் போவது போல இருந்தது. 'இருமுனைப் போட்டி' என்று மாற்றினார். தேர்தல் வாடை அடித்தது. கடைசியில் 'அணிக்கு அணி மோதல்' என்று எழுதிவிட்டு, மோதல் என்றால் போலீஸ் வந்துவிடுமோ என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் தமிழ்த்துறை உதவிப் பேராசிரியர். மல்யுத்தத்தை டிவியில்கூடப் பார்த்ததில்லை. அடுத்த வார வெள்ளிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து ஒரு கல்லூரி அணியும், சனிக்கிழமை கோவில்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி அணியும் சங்கரன்கோவிலுக்கு வந்து இவர்கள் கல்லூரிப் பையன்களோடு மல்லுக்கு நிற்கப்போகின்றன. அதற்கு ஒரு முன்னோட்டம் எழுதிக் கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட வேண்டும் என்பது முதல்வர் ராஜகுமாரி மேடத்தின் உத்தரவு.

"கிரிக்கெட்டுக்கு எழுதுதாங்கள்லா, அது மாதிரி எழுதுங்க சார். படிச்சா ஊரே கிளம்பி வரணும்."

சரக்குத் தேடி உடற்கல்வி இயக்குநர் சுந்தரராஜிடம் போனார். சுந்தரராஜ் பேச்சுக்கு ரேஷன் வைத்திருக்கும் மனிதர். விசிலைத்தான் தாராளமாகப் பயன்படுத்துவார்.

"நம்ம டீம் எப்படி சார் இருக்கு?"

"நல்லா இருக்கானுவ."

"இன்னும் கொஞ்சம் விவரமாச் சொன்னா..."

"ரொம்ப நல்லா இருக்கானுவ."

இழுத்து இழுத்துக் கேட்டதில் ஏதோ கொஞ்சம் கிடைத்தது. ஒவ்வொரு எடைக்கும் ஒரு பையன். எதிரணியில் அதே எடைக்காரனோடுதான் மோதுவான். யார் அணியில் அதிகம் பேர் ஜெயிக்கிறார்களோ அந்த அணிக்கு வெற்றி.

"அம்பத்தேழு கிலோவுல மகாராஜன். அறுபத்தொண்ணுல ரிஸ்வான் அகமது. அறுபத்தஞ்சுல ஆளே கெடையாது. இருந்தவன் படிச்சு முடிச்சிட்டுப் போயிட்டான். அந்தப் பாயிண்டு எதிராளிக்குச் சும்மா போவும். அத மட்டும் எழுதிராதீங்க."

"சரி, எழுதல. மகாராஜனப் பத்தி ஏதாவது?"

"எடை குறைக்கணும் சார். ராத்திரி சாப்பிடுததில்ல." சுந்தரராஜ் விசிலை வாயில் வைக்கப் போனவர், எடுத்துவிட்டுச் சொன்னார்: "அத வேணும்னா எழுதுங்க."

எழுதினார். மல்யுத்தம் தெரியாத குறையைத் தமிழ் கொண்டு நிரப்பினார். 'எடை குறைப்பதற்காக அன்னம் துறந்து, நீர் சுருக்கி, தவசியைப் போல் மெலிந்து நிற்கிறான் நம் மகாராஜன்' என்ற வரி வந்து விழுந்தபோது அவருக்கே புல்லரித்தது. ஃபேஸ்புக்கில் போட்டதும் லைக்குகள் குவிந்தன. ராஜகுமாரி மேடம் கைதட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினார். கோமதிசங்கர் அன்று வீட்டில் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் ஆசிரியர் அறை வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். கையில் பெரிய டிபன் கேரியர். சேலை முழுக்க பஸ் புழுதி.

"இங்கன தமிழ் சார் யாரு?"

"நான்தாம்மா. நீங்க?"

"மகாராஜனுக்கு அம்ம. முத்துத்தாய். பனவடலிசத்திரத்துலருந்து வாரேன். எம்புள்ள அன்னந்தண்ணி இல்லாம கெடக்கான்னு எழுதிப் போட்டியளாமே? படிக்கத்தான் அனுப்புனேன், பட்டினி போடவா அனுப்புனேன்?"

கோமதிசங்கர் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். அதற்குள் சுந்தரராஜும் மகாராஜனும் வந்து சேர்ந்தார்கள். முத்துத்தாய் அங்கேயே கேரியரைத் திறந்தாள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். அறையில் இருந்த எல்லாருக்கும் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியது.

"எம்மா, நான் எடை குறைக்கணும்மா!"

"ஒன்னயப் பெத்தப்போ எடை கொறஞ்சு பொறந்தன்னு நான் அழுத அழுகை ஒனக்குத் தெரியுமாலே? உக்காரு."

உட்கார்ந்தான். முதல் கவளத்தைக் கண்ணீரோடு விழுங்கினான். மூன்றாவது கவளத்தில் கண்ணீர் நின்றது. அதன்பிறகு அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வெளியே வராந்தாவில், பானையை உடைத்தவனைப் பார்ப்பதுபோல சுந்தரராஜ் கோமதிசங்கரைப் பார்த்தார்.

"என்ன சார் இப்படி எழுதிட்டீங்க?"

"நீங்கதானே எழுதச் சொன்னீங்க?"

"சாப்பிடுததில்லன்னுதான் சொன்னேன். தவசின்னு சொன்னேனா?"

"இப்ப என்ன செய்யலாம் சார்?" என்று கேட்டார் கோமதிசங்கர்.

"மறுப்பு போடுங்க. நல்லாச் சாப்பிடுதான்னு எழுதுங்க. அந்தம்மா நிம்மதியா வீட்ல இருக்கும்."

அன்றே மறுப்பு வந்தது. 'மகாராஜன் பட்டினி கிடப்பதாக எழுந்த பேச்சு பிழையானது. அவன் வேளை தவறாமல் வயிறார உண்கிறான். தாயின் கைச்சோறே அந்த வீரனின் தசைநார்!' என்று முடித்திருந்தார். கடைசி வரியை எழுதாமல் விட அவரால் முடியவில்லை.

மறுநாள் முத்துத்தாய் நாட்டுக்கோழிக் குழம்போடு வந்து இறங்கினாள்.

"தாயி கைச்சோறுதான் பலம்னு எழுதியிருக்கியளாமே சார்! அப்புறம் நான் வராம இருந்தா நல்லாருக்குமா?"

அன்று மாலை மகாராஜன் கோமதிசங்கரைத் தேடி வந்தான். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. அவன் கெஞ்சினான்.

"சார், போன வருசம் அம்பத்தேழுல மெடல் வாங்கினேன். வேற எடையில நான் நின்னதே இல்ல. நிக்கவும் பயமா இருக்கு. இனிமே என்னப் பத்தி ஒண்ணும் எழுதாதீங்க சார்."

கோமதிசங்கருக்கு அன்று தோசை இறங்கவில்லை. ஒரு பையனின் வருஷத்தை ஓர் உவமைக்காகக் கெடுத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. எழுதிக் கெடுத்ததை எழுதிச் சரிசெய்ய முடியாது; உடம்பால்தான் சரிசெய்ய வேண்டும் என்று முடிவு செய்தார்.

அடுத்த நாள் கல்லூரி வாசலுக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றார். முத்துத்தாய் இறங்கியதும் ஓடிப்போய்க் கேரியரை வாங்கிக்கொண்டார்.

"மகாராஜனுக்கு இன்னைக்குப் பரீட்சைம்மா. வெளிய விட மாட்டாங்க. நான் குடுத்துருதேன். நீங்க வெயில்ல நிக்காதீங்க."

"பாத்திரத்த வாங்கிட்டுத்தான் போவேன் சார். நாளைக்கு வேணும்லா?"

"சித்த இருங்க."

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றபடியே மொத்தத்தையும் அவரே சாப்பிட்டார். மல்யுத்தக்காரனுக்கு அளந்த சோறு. பாதியில் மூச்சு முட்டியது. வேட்டி கட்டாமல் பேண்ட் போட்டு வந்த தன் புத்தியை நொந்தபடி பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு மீதியையும் முடித்தார். கேரியரைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. ஏப்பம்தான் வந்தது.

முத்துத்தாய் அவர் சட்டையில் இருந்த குழம்புத் துளியைப் பார்த்தாள். கேரியரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடுத்த நாள் இரண்டு கேரியர்களோடு வந்தாள்.

"இது புள்ளைக்கு. இது ஒங்களுக்கு. பாவம், ஒங்க வீட்ல சரியாப் போடுததில்ல போலருக்கு. ரெண்டு பேரும் எங்கண்ணு முன்னால சாப்பிடுங்க."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை உள்விளையாட்டு அரங்கில் மகாராஜனை எடை மிஷினில் ஏற்றினார் சுந்தரராஜ். முள்ளைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அம்பத்தேழு போச்சு. இனிமே அறுபத்தொண்ணுதான்."

"அப்ப நான் சார்?" என்றான் ரிஸ்வான் அகமது.

"ஒனக்கு அறுபத்தஞ்சு."

"சார்! அந்த எடையில வாரவன்லாம் கதவு மாதிரி இருப்பான் சார்!"

"அம்பத்தேழுல யாரு?" என்று ஈனக்குரலில் கேட்டார் கோமதிசங்கர்.

மூலையில் குதித்துக் குதித்துப் பயிற்சி செய்துகொண்டிருந்த முதல் வருஷத்து சங்கரசுப்பு கையைத் தூக்கினான். என்ன சாப்பிட்டாலும் ஒட்டாத உடம்பு. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போயிருந்த அவன் ஒருவன் முகத்தில்தான் அன்று சிரிப்பு இருந்தது. மற்ற எல்லாரும் தமிழ் சாரைப் பார்த்தார்கள்.

"நான் வேணும்னா ஒரு விளக்கம்..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம் சார்!" என்று மொத்த அணியும் ஒரே குரலில் சொன்னது.

"எழுதித்தான் ஆகணும்" என்றார் சுந்தரராஜ். "ஆள் மாறிடுச்சுல்லா. ரிஸ்வானுக்குக் கொஞ்சம் எடை கூடணும்னு ஒரு வரி போட்டாப் போதும்."

இந்த முறை கோமதிசங்கர் உவமை, உருவகம் எதையும் கிட்டே சேர்க்கவில்லை. 'ரிஸ்வான் அகமது எடை கூட வேண்டியுள்ளது' என்று ரயில் அறிவிப்பு போல எழுதினார். ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை. இதில் யாரால் என்ன குற்றம் காண முடியும் என்று தைரியமாகத் தூங்கினார்.

காலையில் கல்லூரி வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ரிஸ்வானின் அம்மா சுபைதா பேகம் ஓர் அண்டா நெய்ச்சோற்றோடு இறங்கினார்.

"எம்மவன் எடை பத்தலைன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க. எங்க சொந்தக்காரவுகள்லாம் போன் போட்டு, 'புள்ளைக்குச் சோறு போடுததில்லையா'ன்னு கேக்குறாங்க சார். இன்னைக்கு டீம் மொத்தமும் சாப்பிடட்டும். பிறகு எழுதுங்க, யார் எடை பத்தலைன்னு."

அன்று முத்துத்தாயும் சுபைதா பேகமும் அரங்கின் படியில் உட்கார்ந்து பரிமாறினார்கள். எள்ளுத் துவையலுக்கும் நெய்ச்சோற்றுக்கும் பொருத்தம் உண்டா என்று பேசிப் பேசி இருவரும் சிநேகிதமாகிவிட்டார்கள். கோமதிசங்கர் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

வெள்ளிக்கிழமை அரங்கு நிரம்பியது. முன்னோட்டத்தையும் மறுப்பையும் மாற்றத்தையும் தொடர்ந்து படித்துவந்த ஊர், எந்தப் பையன் எவ்வளவு சாப்பிட்டிருக்கிறான் என்று பார்க்க வந்திருந்தது. கோமதிசங்கர் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தார்.

சங்கரசுப்பு ராஜபாளையத்துப் பையனிடம் தோற்றான். ஆனால் கடைசி விசில் வரை தன் முதுகைத் தரையில் படவிடவில்லை. அடுத்து மகாராஜன். மல்யுத்த மெத்தையில் ஏறுமுன் அவன் இரண்டு முறை திரும்பி சுந்தரராஜைப் பார்த்தான். கோமதிசங்கர் கண்ணை மூடிக்கொண்டார். 'தொம்' என்று ஒரு சத்தம். போச்சு என்று நினைத்தார். கண்ணைத் திறந்தபோது மகாராஜன் மேலே இருந்தான். கீழே இருந்தவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டினி கிடந்து இளைத்து வந்து நிற்கும் மகாராஜனைத்தான் இதுவரை எல்லாரும் பார்த்திருந்தார்கள். சாப்பிட்ட மகாராஜனை அன்றுதான் பார்த்தார்கள். அவனே அன்றுதான் பார்த்தான். எழுந்து நின்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

ரிஸ்வானுக்கு வந்தவன் நிஜமாகவே கதவு மாதிரிதான் இருந்தான். ரிஸ்வான் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடி, களைக்கவைத்து, காலைப் பிடித்துச் சாய்த்தான். சும்மா போக வேண்டிய பாயிண்ட் இவர்கள் பக்கம் வந்தது. அணி ஜெயித்தது.

சனிக்கிழமை கோவில்பட்டிக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். கடைசி ஆட்டம்வரை இழுத்தார்கள்; ஆனால் ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் அதிலும் இந்தக் கல்லூரிப் பையன்களே ஜெயித்தார்கள். ராஜகுமாரி மேடம் மைக்கைப் பிடித்து எல்லாரையும் பாராட்டினார். மகாராஜன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் வந்தான்.

"சார், இனிமே அறுபத்தொண்ணுதான் சார். அம்பத்தேழு வேண்டாம். ராத்திரி சாப்பிட்டா தூக்கம் எவ்வளவு நல்லா வருது தெரியுமா!"

கோமதிசங்கருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இன்னும் ஒரு கடன்தான் பாக்கி. வாசலில் பனவடலிசத்திரம் பஸ்ஸுக்காகக் காலிக் கேரியர்களோடு நின்ற முத்துத்தாயிடம் போனார். சற்றுத் தள்ளி சுந்தரராஜ் மெத்தையைச் சுருட்டும் பையன்களை விசிலால் விரட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மன்னிச்சிருங்கம்மா. நான் எழுதினதப் படிச்சிட்டு எவ்வளவு பதறியிருப்பீங்க. இந்த வெயில்ல தினமும் அலைய வச்சிட்டேன்."

முத்துத்தாய் அவரை இரக்கமாகப் பார்த்தாள்.

"அத நான் எங்க சார் படிச்சேன்? சுந்தரராஜ் சாருல்லா போன் பண்ணி, 'எம்மா, ஒங்க புள்ள சாப்பிட்டு ஒரு எடை மேல ஏறுனாத்தான் காலியா கெடக்க எடைக்கு ஆள் கெடைச்சு டீமு நிக்கும், ஒரு வருசமாச் சொல்லுதேன், கேக்க மாட்டேங்கான். நீங்க வந்து சோத்தப் போடுங்க, பழி தமிழ் சார் மேல போவட்டும், அவரு நல்ல மனுசன், தாங்கிக்கிடுவாரு'ன்னு சொன்னாவ!"