சர்வே நம்பர் இல்லாத கற்கள்

பூண்டி மாதா துணை

இங்கிலாந்து,
14.9.2004

பூதலூரில் இருக்கும் சித்தப்பா மகன், தம்பி கிளமென்ட் அவர்களுக்கு அண்ணன் சவரிராஜ் எழுதுவது. நானும் தங்கள் அண்ணியும், இங்கே நர்ஸ் வேலை பார்க்கும் மகள் அருள்செல்வி வீட்டில் சுகம். தாங்களும் எல்சியும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். பதினோரு வருடமாகப் பேசாதவன் திடீரென்று எழுதுகிறானே என்று பயப்பட வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒரு கல்லைப் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அருள்செல்வி எங்களைக் காரில் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப் போனாள். புல்வெளியில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பெரிய பெரிய கற்கள் வட்டமாக நிற்கின்றன. நாலாயிரம் ஐயாயிரம் வருடத்துக்கு முன்னால் சாமி காரியத்துக்காக நட்டவையாம். சுற்றிலும் ஆடு மேய்கிறது, பக்கத்திலேயே சர்ச்சும் இருக்கிறது, ஆனால் நிற்கிற கல்லை ஒருத்தரும் தொந்தரவு செய்வதில்லை. முப்பத்திரண்டு வருடம் தாலுகா சர்வேயராக இருந்தவனுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். நம் பக்கம் நான் காலையில் நட்ட கல் சாயங்காலம் துணி துவைக்கப் போய்விடும். இங்கே எப்போதோ காணாமல் போன கல்லுக்குக்கூட, இந்த இடத்தில் ஒன்று இருந்தது என்று சிமென்ட்டில் ஒரு குட்டைக் கல் நட்டு வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம்பர் வெட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு கல்லாகச் சுற்றித் தேடினேன். இல்லை. சரி, ஆடுகிறதா பார்ப்போம் என்று பெரிய கல் ஒன்றில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். அந்த நேரம் நாயோடு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், நான் தியானம் செய்கிறேன் என்று நினைத்து, பக்கத்தில் தானும் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவள் புருஷன், பிறகு பஸ்ஸில் வந்த நான்கு பேர். இத்தனை பேர் பக்தியாக நிற்கும்போது நான் கையை எடுத்தால் நன்றாக இருக்குமா? நாய்கூட உட்கார்ந்துவிட்டது. "அப்பா, என்னப்பா பண்றீங்க, கைய எடுங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று அருள்செல்வி அடிக்குரலில் கெஞ்சுகிறாள். கால் மணி நேரம் கழித்து அந்த அம்மாள், உள்ளே ஏதாவது தெரிந்ததா என்று என்னைக் கேட்டாள். தெரிந்ததைத்தான் தம்பி இப்போது எழுதுகிறேன்.

நம் இரண்டு வயலுக்கும் நடுவே வாய்க்கால் ஓரம் நிற்கிறதே எல்லைக்கல், அதைத் தொண்ணூற்று மூன்றில், நீ வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்தபோது, ஓரடி உன் பக்கம் நகர்த்தியது நான்தான். நீ வந்து கேட்டதற்கு, சர்வேயருக்கே அளவு சொல்லித்தருகிறாயா என்று நடுத்தெருவில் கத்தியதும் நான்தான். அந்த ஓரடியில் எனக்கு ஒரு மரக்கால் நெல் கூட வரவில்லை, தம்பி போனதுதான் மிச்சம். மன்னித்துக்கொள். கடிதம் கிடைத்த அன்றே கடப்பாறையை எடுத்துப்போய் கல்லை ஓரடி என் பக்கம் தள்ளி நட்டுக்கொள். நான் வாயே திறக்கமாட்டேன்.

எல்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று ஒரு வரி எழுது.

இப்படிக்கு, உன் அண்ணன்
சவரிராஜ்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் அருள்செல்வி சொல்கிறாள், அந்தக் கற்களில் பல மண்ணுக்குள் புதைந்து கிடந்தனவாம், எழுபது வருடத்துக்கு முன்னால்தான் யாரோ தோண்டியெடுத்து நிமிர்த்தி நட்டார்களாம். ஆக அங்கேயும் மனுஷன் கை பட்டிருக்கிறது. நானும் ஓரடி என்று ஒரு வேகத்தில் எழுதிவிட்டேன், யோசித்தால் ஒன்பது அங்குலம்தான் இருக்கும். ஆகையால் கல்லைத் தொடாதே. தை மாதம் வருகிறேன், அளந்துவிடுவோம். டேப்பின் மறுமுனையை நீதான் பிடிக்க வேண்டும், வேறு ஆளை வைத்து நான் அளக்கமாட்டேன்.