இரண்டாவது தும்மல்

ஒளியையும் சிப்பையும் சேர்த்து வைக்கும் தொழிலில் இருப்பவன் மிளகு குடோனுக்குப் போகக் கூடாது. இதை எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

என் மாமனாருக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம். அப்போது அவர் மாமனார் ஆகியிருக்கவில்லை. ஆகிற உத்தேசமும் இல்லை. "சிப்புல வெளிச்சத்த விட்டு மிளகுல கலப்படம் கண்டுபிடிக்கிறானாமா? கொண்டுவந்து காட்டச் சொல்லு மோளே. கல்யாணத்த அப்புறம் பேசலாம்" என்று மகள் லதாவிடம் சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். நகத்தளவு சிப்பில் ஒளி ஓட ஒரு பாதை இருக்கும். அதன்மேல் மிளகு ஊறிய தண்ணீரை ஒரு சொட்டு விட்டால் உள்ளே ஓடும் ஒளி மாறும். பப்பாளி விதை கலந்திருந்தால் வேறு மாதிரி மாறும். அதை அந்தச் சிப்பே படித்துத் திரையில் கோடாகக் காட்டிவிடும். ஒளியைக் கொண்டுவரும் மயிரிழைக் கண்ணாடி மட்டும் பாதையின் வாசலில் இம்மி பிசகாமல் நிற்க வேண்டும். பசை போட்டு ஒட்டுவதுதான் முறை. காய நேரமாகும் என்று நான் வெறும் கிளிப்பில் மாட்டி எடுத்துப் போனேன். (காதல் அவசரம், வேறென்ன?)

வைட்டிலா பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போய், குடோன் மேசையில் உட்கார்ந்து, திருகித் திருகி இழையை நிறுத்துவதற்குள் அவர் வரவழைத்த சாயா ஆறிப்போனது. கடைசியில் மிளகுத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டதும் திரையில் கோடு எழுந்தது.

"கொள்ளாமே, நல்லாருக்கே!" என்றார். "அப்போ கல்யாணத்த..."

தும்மிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் இழை தப்பித்தது. நான் தப்பிக்கவில்லை.

"ஒத்தத் தும்மலா? கல்யாணப் பேச்சு எடுக்கும்போதா? எந்தா தம்பி இது!" அவர் எழுந்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற லதா என் காதருகே குனிந்து, "இன்னொண்ணு போடுங்க. ரெட்டையா வந்தா நல்ல சகுனம்னு சொல்வார்" என்றாள்.

தும்மல் கூப்பிட்டால் வருமா? பக்கத்துச் சாக்கில் கைவிட்டு, ஒரு பிடி மிளகுத் தூசியை மூக்கில் இழுத்தேன். (எம்.டெக். படித்தவன்.) வந்தது. திரும்ப நேரமில்லை. மொத்தத் தும்மலும் சிப்பின் மேலேயே விழுந்தது. இழை எங்கே போனதென்று தெரியவில்லை, கோடு படுத்துவிட்டது.

"ரெட்ட! ரெட்டயாக்கும்!" அவர் திரும்ப உட்கார்ந்தார். "அடுத்த மாசமே வச்சுக்கலாம்."

திரையில் நடந்ததை லதா கல்யாணத்துக்குப் பிறகுதான் அவரிடம் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்:

"மிளகு பாக்க மெஷின் செஞ்ச மாப்ள. மெஷின் படுத்துடுச்சு, ஆனா மூக்கு கரெக்டா கண்டுபிடிச்சிடுச்சு."