எழுபது வாரத்தாரும் இல்லாத ஒரு வருடமும்

உலகம் எப்போது முடியும் என்பதைப் பென்சிலும் அடிக்கோலும் வைத்துக் கண்டுபிடிக்கிற ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். இல்லை என்கிறீர்களா? உங்களிடம் இன்னும் பேச்சுக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பக்தர்களில் பாடுகிறவர் உண்டு, அழுகிறவர் உண்டு, பிரசங்கத்தின் நடுவில் நிம்மதியாகத் தூங்குகிறவர் உண்டு. இந்த இனம் வேறு. இது கூட்டிக் கழிக்கும்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்காரர் அந்த இனத்தில் அசல் சரக்கு. தானியேல் தீர்க்கதரிசி கடைசிக் காலத்துக்குக் கணக்காகச் சொன்ன எழுபது வாரங்களைப் பற்றி, சும்மா நலம் விசாரிக்க வந்தவர்களிடம்கூடப் பேசிப் பேசி, ‘எழுபது வாரத்தார்’ என்பதே அவர் பெயராகிவிட்டது. முப்பது வருடம் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போட்டவர். அவர் அட்டவணைப்படி ஒரு வண்டியாவது வந்து சேர்ந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. அதனால் என்ன? ஓய்வு பெற்ற மறுநாளே கர்த்தருடைய வருகைக்கு அட்டவணை போட உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுச் சுவரெல்லாம் ஒரே நீளத் துணிச்சுருள். கூடத்தில் ஆதியாகமத்தில் தொடங்கி, அலமாரிக்கு மேலே ராஜ்யங்கள் எழுந்து விழுந்து, அடுப்பங்கரை ஓரமாகத் திரும்பி, பத்துக் கொம்புள்ள மிருகத்தைத் தாண்டி, உலக முடிவுக்கு முந்தைய மகா உபத்திரவம் வரும்போது சுவர் தீர்ந்துவிட்டது. ஆகவே மகா உபத்திரவம் குளியலறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அவசரத்துக்கு ஓடுகிற விருந்தாளி அதைத் திறந்துகொண்டுதான் போகவேண்டும்.

ஒருநாள் மின்சார மீட்டரின் கடைசியில் மூன்று ஆறு வரிசையாக வந்து நின்றன. மனிதர் ‘மிருகத்தின் எண்!’ என்று அலறியடித்துக்கொண்டு மெயினை அணைத்தார். அணைத்தால் மீட்டர் ஓடுமா? மூன்று ஆறும் அப்படியே உட்கார்ந்து அவரை முறைத்தன. இரண்டு நாள் வீடே இருட்டு. மூன்றாம் நாள் அவர் மனைவி வந்து, “தள்ளுங்க, ஜாக்கெட்டுக்கு இஸ்திரி போடணும்” என்று சுவிட்சைத் தட்டினார். மீட்டர் நகர்ந்தது. மிருகத்தின் ஆட்சி அத்தோடு கலைந்தது.

போதகர் ஒருமுறை வாயைக் கொடுத்தார். “அண்ணே, அந்த நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாதுன்னுதானே இருக்கு?”

“நாளும் நாழிகையும்தான் தெரியாது, பாஸ்டர். மாசமும் வருஷமும் தெரியாதுன்னு எங்க இருக்கு, காட்டுங்க.”

அவர் சொன்ன தேதி எதுவும் தவறியதில்லை. ‘தாமதம்’ ஆகியிருக்கிறது. பணிமனைப் பழக்கம்.

இதெல்லாம் சிரிப்புத்தான். ஆனால் அவர் மனைவி, அந்த அக்காவின் முழங்காலை நினைத்தால்தான் எனக்கு வயிறெரியும். கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருப்பவர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஒரு படிக்கு ஒரு ‘அம்மாடி’ சொல்லித்தான் மேலே ஏறுவார். முட்டியை மாற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள்: அக்டோபர் இருபது. திங்கட்கிழமைக்குள் கணவர் கையெழுத்துப் போட்ட படிவம் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. மறுபடி முறை வர ஒன்றரை வருடம்.

எழுபது வாரத்தாரின் கணக்கிலோ வருகை அக்டோபர் முதல் வாரம்.

“ஏம்மா, புது சரீரமே கிடைக்கப்போகுது. இந்த ஓட்டை முட்டிய எதுக்கு ரிப்பேர் பண்ணணும்?” என்றார், வெகு பிரியமாக.

ஞாயிற்றுக்கிழமை. சுருளைக் கழற்றித் தூசி தட்டும் நாள். ஒரு நுனியைப் பிடிப்பது என் வேலை. வருடக்கணக்காகப் பிடிக்கிறேன், அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படிவம் மேசையில் அப்படியே கிடந்தது. அக்கா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வந்து, ஒரு வருடத்துக்கு ஒரு கட்டமாக இருந்த சுருளை ஜவுளி அளப்பதுபோல அளந்துகொண்டே போனார். கிறிஸ்து பிறப்பு அருகே நின்றார்.

“ஏங்க, கிமு ஒண்ணு இங்க இருக்கு. கிபி ஒண்ணு அங்க இருக்கு. நடுவுல இந்தக் கட்டம் என்ன?”

“அது பூஜ்யம்.”

“பூஜ்யம்னு ஒரு வருஷம் எப்ப வந்துச்சு? ஒண்ணு முடிஞ்சா அடுத்தது ஒண்ணுதானே? இல்லாத ஸ்டாப்புல வண்டிய நிறுத்தி, அதையும் எண்ணியிருக்கீங்க.”

எழுபது வாரத்தார் கண்ணாடியைத் துடைத்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது.

“அப்போ... கணக்குல ஒண்ணு குறையுதே, ஒரு வருஷம் தள்ளிப் போகுதே!”

“அந்த ஒரு வருஷமும் நான் நொண்டணுமா?” அக்காவுக்குக் குரல் உடைந்துவிட்டது. நான் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் முதலில் அந்தக் கட்டத்தை அடித்தார். பிறகு அதே பென்சிலால் படிவத்தில் கையெழுத்துப் போடப்போனார். நான்தான் ஓடிப்போய்ப் பேனா கொடுத்தேன்.

ஆபரேஷன் முடிந்து இப்போது அக்கா ஒரு காலில் வீராங்கனை. நேற்றுப் படியில் பார்த்தேன். கையில் தானியேல் புத்தகம், காதில் பென்சில்.

“என்னக்கா, நீங்களுமா?”

“இன்னொரு முட்டி இருக்கே தம்பி. அதுக்கு முறை வர ஒன்றரை வருஷம் ஆகுமாம். எங்கயாவது இன்னும் ஒரு வருஷம் கிடைக்குதான்னு தேடுறேன்.”

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த இனம் இல்லைதான், நம்புகிறேன். ஆனால் அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டால் தேதி முன்னால் வருமா, பின்னால் போகுமா என்று கொஞ்சம் முன்பு விரல் விட்டுப் பார்த்தீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?