சாமிக்கு வாங்கிய எட்டு ஓட்டைப் பெட்டி

வைகாசி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, என் மனைவியிடம் ஒரு பொய் சொல்வதென்று முடிவெடுத்தேன். சின்னப் பொய் இல்லை. எட்டு ஓட்டை உள்ள பொய்.

அவசரப்படாமல் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் பச்சையப்பன். ஊர் நகரி. பகலில் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறேன். முகூர்த்த நாட்களில் மணிவேல் இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். எனக்குத் தோள் வரை தொங்கும் கூந்தல் உண்டு. தபால் ஆபீசில் முடிந்துகொள்வேன். மேடையில் அவிழ்த்துவிடுவேன். என் வாசிப்பில் பாதி அந்தக் கூந்தல்தான் என்பது என் எண்ணம். முழுவதும் அதுதான் என்பது மணிவேலின் எண்ணம்.

என் மனைவி கல்பனா. தாய்மாமன் மகள். வீட்டு முன்கட்டில் ஆறு விசைத்தறி ஓட்டுகிறாள். பின்கட்டில் ஏழாவதாக என்னை ஓட்டுகிறாள்.

மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு டெங்கு வந்தது. "இவருக்கு உடம்பு சரியானா முடி குடுக்கறோம்" என்று கல்பனா திருமலை இருக்கும் திசை பார்த்து வேண்டிக்கொண்டாள். 'குடுக்கறோம்' என்று பன்மையில் வேண்டினாளே தவிர, முடி என்னுடையது மட்டும்தான். உடம்பு சரியாகிவிட்டது. அன்றிலிருந்து நான் மழை, மார்கழி, முழங்கால் வலி, முகூர்த்தம் என்று தள்ளிப்போட்டு வருகிறேன்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

கிட்டாரின் ஓசையை மாற்றுவதற்குக் காலால் மிதிக்கும் சின்ன டப்பாக்கள் உண்டு. பெடல் என்று பெயர். ஒன்றை மிதித்தால் கிட்டார் உறுமும். ஒன்றை மிதித்தால் எதிரொலிக்கும். என்னிடம் ஐந்து இருக்கின்றன. ஐந்தையும் ஒரு பலகையில் ஒட்டி, ஒரே அடாப்டரிலிருந்து ஒரே வயரில் கோத்துக் கரண்ட் கொடுத்திருந்தேன். அதுதான் தவறு. ஒரு டப்பாவின் இரைச்சல் கரண்ட் வழியாகவே அடுத்த டப்பாவுக்குள் போய்விடும். அடுத்தது உறுமும் டப்பாவாக இருந்தால், அந்த இரைச்சலையும் சேர்த்து உறுமும்.

பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். நான் பெடலை மிதித்தேன். ஸ்பீக்கரில் 'ங்ங்ங்ங்' என்று வந்தது. பெண்ணின் பெரியப்பா நாராயணசாமி மேடைக்கு ஓடி வந்து, "பந்தல்ல குளவி கூடு கட்டிக்கினு கீது! புகை போடுங்கடா!" என்று கத்தினார். போட்டார்கள். மாப்பிள்ளை இருமினார். பெண் இருமினாள். புரோகிதர் இருமிக்கொண்டே இறங்கிப் போனார். குளவி மட்டும் கிடைக்கவில்லை.

வேனில் திரும்பும்போது மணிவேல் கேட்டான். "அண்ணா, நீ கிட்டார் வாசிக்கறியா, குளவி வளக்கறியா?"

"பெடலுக்கெல்லாம் தனித்தனியா கரண்ட் குடுக்கற பெட்டி ஒண்ணு வேணும் மணிவேலு."

"வாங்கு. அடுத்த வியாழக்கிழமை திருப்பதியில ரிசப்ஷன். அங்கயும் குளவி வந்துச்சுன்னா, உன் பாட்டையெல்லாம் கீபோர்டுலயே வாசிச்சுக்கறோம். நீ வீட்டுல இருந்து கை தட்டு."

வாங்குவதில் ஒரே ஒரு சிக்கல். கல்பனா போன பொங்கலுக்கே சட்டம் போட்டிருந்தாள். "இனிமே இந்த மிதிகட்டைக்கு ஒரு ஆணி வாங்கணும்னாலும், முதல்ல மலைக்குப் போய் மொட்டை போட்டுட்டு வா. அப்பறம் கேளு."

பெட்டி வேண்டும். கூந்தலும் வேண்டும். ஆகவே பொய்.

வாயைக் கொப்பளித்துவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போனேன்.

"கல்பனா, நம்ம சாமி ரூம்ல பெருமாள் படத்தைச் சுத்தி கீற லைட்டு அழுது வடியுது பாத்தியா?"

"பாத்தேன். அதுக்கு?"

"அதுக்கு நல்ல கரண்ட் பெட்டி ஒண்ணு வேணும். நாளைக்கு சனிக்கிழமை. திருப்பதி போய் வாங்கியாரேன்."

கல்பனா அறுந்த நூலை முடிந்துகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு இவ்ளோ பக்தி எப்ப வந்துச்சு மாமா?"

"உள்ள இருந்துச்சு. இப்பதான் வெளிய வருது."

"வரட்டும் வரட்டும். தடுக்கக் கூடாது. போய்ட்டு வா."

இவ்வளவு சுலபமாக நான் கல்பனாவை ஏமாற்றியது அதுவே முதல் தடவை.

திருப்பதியில் இசைக்கருவி விற்கும் கடையில் சுனில் என்றொருவர் இருந்தார். தமிழையும் தெலுங்கையும் ஒரே வாக்கியத்தில் பரிமாறுகிறவர். "செப்பண்ணா. எத்தனி பெடல்? ஒண்ணொண்ணும் எத்தனி மில்லி ஆம்ப் இழுக்கும்?"

எனக்குத் தெரியாது. எண்கள் பெடலின் அடியில் இருந்தன. பெடல் நகரியில் இருந்தது. நகரியில் கல்பனா இருந்தாள்.

வேறு வழியில்லாமல் போன் போட்டேன்.

"கல்பனா, பரண் மேல என் பெடல் பலகை கீது இல்ல? அதத் திருப்பி, அடியில இன்னா நம்பர் போட்டுக்கீதுன்னு பாரேன்."

போனில் ஒரு தறி நிற்கும் சத்தம் கேட்டது.

"சாமி லைட்டுக்குப் போன ஆளுக்கு மிதிகட்டை நம்பர் இன்னாத்துக்கு?"

"சும்மா ஒரு ஒப்பீட்டுக்கு. அதுவும் கரண்ட்டு, இதுவும் கரண்ட்டு."

"ஆமா ஆமா. ரெண்டும் கரண்ட்டுதான். இரு." பலகை இறங்கும் சத்தம். "பச்சை டப்பா பத்து. சுருதி பாக்கற டப்பா இருவது. நீலம் முப்பது. வெள்ளை நூறு. இந்தக் கருப்பு… யப்பா, முன்னூறு! இது ஒண்ணே ஒரு ஊட்டு சோத்தைத் துன்னும் போலக்கீதே."

"மொத்தம் எவ்ளோ?"

"நானூத்தி அறுபது. ஆனா மொத்தத்தைப் பாத்து வாங்கிடாத மாமா. ஒவ்வொரு ஓட்டையும் எவ்ளோ குடுக்கும்னு கேளு. நூறு குடுக்கற ஓட்டையில முன்னூறு துன்ற டப்பாவை மாட்டினா ரெண்டும் படுத்துக்கும். அப்பறம், உள்ள ஒவ்வொரு ஓட்டைக்கும் தனியா கம்பிச் சுத்து கீதான்னு கேளு. வெளிய எட்டு ஓட்டை வெச்சிட்டு உள்ள ஒரே சுத்தா சுத்தி விட்டுருப்பானுங்க. அது உன் பழைய அடாப்டருதான், சட்டை மாத்திக்கினு வந்துருக்கும்."

"சாமி லைட்டுக்கு அவ்ளோ பாக்கணுமா?"

"சாமிக்குன்னா நல்லதா வாங்க வாணாமா?"

எவ்வளவு வெள்ளை மனசு! தறி மோட்டாரோடு பழகிப் பழகி எத்தனை கற்றிருக்கிறாள்! எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அரை நிமிடம் இருக்கும்.

சுனில் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதல் பெட்டியில் பத்து ஓட்டைகள். பளபளவென்று நீல விளக்கு. நான் அதன் மேல் கை வைத்தேன். கல்பனா சொன்னதைக் கேட்டேன். "உள்ள தனித்தனி சுத்தா?" சுனில் அதைத் திரும்ப உள்ளே வைத்தார். இரண்டாவது தனித்தனி, ஆனால் ஓட்டைக்கு நூறுதான். மூன்றாவது பார்க்க ஒன்றுமில்லை. கருப்பு. சோப்பு டப்பா அளவு. எட்டு ஓட்டை, எட்டும் தனித்தனி, அதில் இரண்டு ஐந்நூறு கொடுக்கும்.

"இதுதானண்ணா சரி. போன மாசம் ஒரு அம்மா வந்து இப்பிடியே நின்னு, இப்பிடியே கேட்டு, இதே பெட்டியதான் வாங்கி தீஸ்கெள்ளினாங்க. வீட்டுக்காரருக்காம்."

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கொடுத்து வைத்தவர் என்று நினைத்துக்கொண்டே நானும் ஒன்று வாங்கினேன்.

என் திட்டம் இது. பெட்டி சாமி அறையில் நான்கு நாள் இருக்கும். வியாழக்கிழமை காலை பைக்குள் போகும். வெள்ளிக்கிழமை திரும்பி வரும். பெருமாளுக்கும் நஷ்டமில்லை, எனக்கும் நஷ்டமில்லை.

கல்பனா பெட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மஞ்சள் பூசினாள். மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றினாள். கற்பூரம் காட்டினாள். பிறகு பெருமாள் படத்துக்குக் கீழே வைத்து, லைட்டு வயரைச் செருகினாள்.

"இனிமே இது சாமி சொத்து."

நான் மெல்லக் கேட்டேன். "ஏமே, ஒரு அவசரத்துக்கு வெளிய எடுக்கணும்னா?"

"சாமிக்குன்னு வெச்சத எடுக்கலாமா? எடுத்தா பதிலுக்கு வேற ஒண்ணு குடுத்துதான் ஆவணும். எங்கம்மா ஒரு தடவ அவசரத்துக்கு சாமி சொம்புல மோர் ஊத்திட்டு, அடுத்த வாரமே மூக்குத்தியைக் கழட்டி உண்டியல்ல போட்டுச்சு. இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மா ஒரு ஒப்பீட்டுக்கு."

வியாழக்கிழமை வந்தது. கல்பனா தறிக்கூடத்தில் இருந்தாள். குளியலறையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்தேன். கருப்பு டேப்பை ஒரு சுருக்கம் விழாமல் சுற்றினேன். மஞ்சள் பூசினேன். மூன்று பொட்டு, அதே இடைவெளியில். அதே மாதிரி ஒரு முழம் கதம்பம் சுற்றினேன். பக்கவாட்டில் ஓர் ஓட்டை குத்தி லைட்டு வயரைச் செருகினேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். எது பெட்டி, எது டப்பா என்று எனக்கே சந்தேகம் வந்து, பையைத் திறந்து ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது சொன்னேன். "கல்பனா, சாமி லைட்டுல ஒரு வயர் சூடாவுது. நான் வந்து பாக்கற வரைக்கும் சுவிட்சைப் போடாத."

"சரி மாமா."

எங்கள் பதினாறு வருட இல்லறத்தில் 'சரி மாமா' என்று ஒரே மூச்சில் அவள் சொன்னதில்லை. நான்தான் கவனிக்கவில்லை.

திருப்பதி ரிசப்ஷனைப் பற்றி நானே சொன்னால் தற்பெருமை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்: நான் பிரமாதமாக வாசித்தேன். ஐந்து பெடலும் ஐந்து ஓட்டையில். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அப்படி ஒரு அமைதி. பந்தியில் யாரோ அப்பளம் நொறுக்கியது மேடையில் கேட்டது. உறுமல் பெடலை மிதித்துக் கூந்தலை ஒரு சுழற்று சுழற்றினேன். மாப்பிள்ளையின் தோழர்கள் விசில் அடித்தார்கள். மணிவேல் என்னைக் கட்டிக்கொண்டான். "அண்ணா, உன் எடம் உனக்குத்தான். கீபோர்டுகாரன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டு வாசலுக்கு வந்தேன். கல்பனா காத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா! செருப்பைக் கழட்டிட்டு ஓடியா! அதிசயம் நடந்துக்கினு கீது!"

ஓடினேன். சாமி அறையில் விளக்குகள் ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. பச்சை, சிவப்பு, மஞ்சள். நடுவில் பெருமாள். கீழே என் சோப்பு டப்பா, புதுக் கதம்பத்தோடு.

"நீ போடாதன்னு சொன்ன. மறந்துபோய் நேத்து சாயந்திரம் போட்டுட்டேன். எரிஞ்சுது! அப்பறம் தூசி தட்டலாம்னு பெட்டிய எடுத்தா, லேசா இருக்குது. டேப்பைப் பிரிச்சா சோப்பு டப்பா! உள்ள பாதி கரைஞ்ச சோப்பு கூட கீது மாமா. சோப்புல இருந்து கரண்ட்டு வருது!"

"சோப்புல இருந்தா…"

"பக்கத்து ஊட்டு செல்லியம்மா வந்து உயுந்து கும்புட்டுட்டு, இன்னா சோப்புன்னு கேட்டு எழுதிக்கினு போனா. சாயந்திரம் தெருவே வருதாம். பெருமாள் பெட்டியை சோப்பாக்கிட்டாரு, அப்ப நிஜப் பெட்டி எங்க போயிருக்கும்னு எல்லாரும் கேக்கறாங்க. நீ இன்னா நெனைக்கிற?"

அவள் பார்வை என் பை மேல் நின்றது. பைக்கு வெளியே ஒரு முழம் கதம்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பல் துலக்கியதிலிருந்து அப்பளம் நொறுங்கியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். கல்பனா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

"ஆக, சாமி பொருளை எடுத்து மிதிச்சிருக்க."

"அதை மிதிக்கல. அது பலகைக்கு அடியில இருந்துது. அதுக்கு மேல கீறத மிதிச்சேன்."

"பதிலுக்கு ஒண்ணு குடுக்கணுமே மாமா. உன்கிட்ட இன்னா கீது?"

அவள் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வேண்டாமென்று தலையசைத்தாள். மோதிரத்தைப் பார்த்தாள். அதையும் கடந்தாள். கழுத்து, காது என்று மெல்ல மேலே ஏறிய பார்வை, உச்சியில் போய் நின்றுவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. திருமலையில், மொட்டை போடும் கல்யாணகட்டாவில், என் தலையில் தண்ணீரைத் தெளித்தார்கள்.

"மூணு கத்திரி முடி மட்டும் குடுத்தா போதாதா?" என்று கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"அது பொம்பளைங்களுக்கு" என்றாள் கல்பனா. "குனி."

நான்கு நிமிடம். மூன்று வருடம் தள்ளிப்போட்டது நான்கே நிமிடத்தில் முடிந்துவிட்டது. சந்தனம் பூசிக்கொண்டு, தரிசனம் முடித்து, மலையிறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காற்று பட்ட இடமெல்லாம் புதிதாக இருந்தது. கல்பனா பரம சந்தோஷமாக இருந்தாள். லட்டுப் பையைத் துழாவி, ஒரு பொருளை எடுத்து என் மடியில் வைத்தாள்.

கருப்புப் பெட்டி. எட்டு ஓட்டை.

"இதை ஏமே தூக்கிக்கினு வந்த? சாமி ரூம்ல திரும்ப வெச்சிட்டேனே!"

"அது சாமிது. அங்கயே கீது. இது உனக்கு."

எனக்குப் புரியவில்லை. தலையைத் தடவினேன். வழுக்கியது.

"போன மாசமே வாங்கிட்டேன் மாமா. மொட்டை போட்டுட்டு வந்தா குடுக்கலாம்னு நூல் மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருந்தேன். அந்தக் கடைக்காரருதான் தனித்தனி சுத்துன்னா இன்னான்னு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தாரு. வியாழக்கிழமை சாமி லைட்டு எரிஞ்சதும் இதுலதான். படத்துக்குப் பின்னால வெச்சிருந்தேன்."

"அப்ப நான் கடையில இருந்து போன் பண்ணேனே! ஊட்லயே ஒண்ணு கீதுன்னு அப்பவே ஏன் சொல்லல?"

கல்பனா என் மொட்டைத் தலையில் காய்ந்திருந்த சந்தனத்தை முந்தானையால் பொறுமையாகத் துடைத்துவிட்டாள்.

"சாமி ரூமுக்கு ஒண்ணு வேணும்னு நீதானே மாமா சொன்ன?"