வென்டல் அழுத காரணம்

சாவு வீட்டில் அழுவது தப்பில்லை. ஆனால் சவ வண்டி ஓட்டுகிறவர் அழுதால் ஊர் திரும்பிப் பார்க்கத்தானே செய்யும்?

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊர்த் தேவாலயத்தில், கோரின் ஹெக்ஸ்டாடின் சவப்பெட்டிக்குப் பின்னால் நின்ற வண்டிக்காரர் வென்டலுக்கு முகம் சிவந்து கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துக்கம் இல்லை. அவர் இடுப்புக்கு அடியிலுள்ள தசையை இறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷமாகவே படுக்கையில் அவருக்கு எழுச்சி இல்லை. மனைவி ஆர்லிஸிடம் அலுப்பு, முதுகுவலி, வாசல் பனியை வாரிய களைப்பு என்று சொல்லிச் சொல்லி, சொல்லக் காரணமும் தீர்ந்துபோயிற்று. அவளுக்குத் தெரியாமல் டாக்டரிடம் போனார். இதயத்துக்கு மாத்திரை ஒத்துவராது என்று அவர் ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார். சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கி, சற்றுப் பிடித்து, பிறகு விட வேண்டும், தினமும், மாதக்கணக்கில். நின்றபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது என்றாள் அவள். வென்டலின் முகத்தை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நிற்பதுதானே வென்டலின் பிழைப்பு? சவப்பெட்டிக்குப் பின்னால் நின்றே பயிற்சி செய்தார்.

கோரினின் கணவர் ஹெக்ஸ்டாட் வந்து கைக்குட்டையை நீட்டினார். கண்ணீருக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, "நல்ல மனுஷி" என்றார் வென்டல். உயிரோடு இருந்தபோது அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பழக்கமா?"

"கொஞ்சம்."

தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் காப்பி ஆறுவதற்குள் அந்தக் 'கொஞ்சம்' வளர்ந்துவிட்டது. சவ வண்டி முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். அது என் சொந்த விஷயம் என்று வென்டல் முறைத்ததில், சந்தேகப்படாதவர்களும் நம்பிவிட்டார்கள்.

வீட்டில் ஆர்லிஸ் சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கோரினுக்கும் உனக்கும் ஏதாவது இருந்துச்சா?"

வென்டல் தட்டைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஆம்பளை இல்லை என்றாகும். பொய்யைச் சொன்னால் கெட்ட ஆம்பளை, ஆனாலும் ஆம்பளை.

"இருந்துச்சு" என்றார்.

ஆர்லிஸ் அழவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு தன் அக்கா வெர்னாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். சொன்னால் வெட்கம்: அன்றைக்கு வென்டலின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

அது அதிக நாள் நிமிர்ந்திருக்கவில்லை. ஹெக்ஸ்டாட் வீடு தேடி வந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று வென்டல் பின்வாங்கினார். கிழவரோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கடைசி வருஷம் அவ என்கிட்ட சிரிச்சே நான் பாக்கல. உன்கூட இருக்கும்போதாவது சந்தோஷமா இருந்தாளா?"

செத்தவளுக்கு வாயில்லை என்ற தைரியத்தில்தானே அவள் பெயரைக் கெடுத்தோம் என்று வென்டலுக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: தசை, டாக்டர், கண்ணீர், பொய். ஹெக்ஸ்டாட் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

வென்டல் நேரே வெர்னா வீட்டுக்கு வண்டியை விட்டார். கதவைப் பாதி திறந்த வெர்னா உள்ளே கூப்பிடவில்லை. பனியில் நின்றபடியே மறுபடி முழுக்கதையையும் சொல்லி, இதை ஆர்லிஸிடம் சொன்னால் போதும், அவள் புரிந்துகொள்வாள் என்று கெஞ்சினார்.

வெர்னா கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கிளினிக்லேர்ந்து வீட்டுக்குத்தான் போன் பண்ணுனாங்க, வென்டல், அவளுக்கு உன் டாக்டர் விஷயம் மொதல்லயே தெரியும், நீ 'இல்ல'ன்னு சொல்லுவேன்னு நெனச்சுத்தான் அன்னிக்கு அவ கேட்டதே."